அடையும் அட்டையும்: கருவியும் கைவினைஞனும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது ஓரிக்கை. ‘ஓரிரவு இருக்கை’ என்னும் தொடரே ஓரிக்கை என மருவியது என்பது வைணவ மரபினர் கூற்று. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் மன்னனின் ஆணையால் நகரைவிட்டு நீங்க, ஆழ்வாரும் உடன் செல்ல, ஆழ்வார் சொற்படி பெருமாளும் எழுந்து சென்று ஓரிரவு தங்கிய இடம் இது என்று தலவரலாறு சொல்கிறது. இதன் காரணமாகக் காஞ்சியிலுள்ள அக்கோயிலின் இறைவனுக்குச் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்ற திருப்பெயரும் வழங்குகிறது. அண்டை வீட்டாரின் மரபை அதற்குரிய மதிப்புடன் இங்கு நினைவுகூர்கிறோம். அப்பெயரில் உள்ள ‘சொன்னவண்ணம்’ என்ற சொல் வேறொரு காரணத்தால் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அக்காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில காலத்திற்கு முன், நண்பரொருவரின் மகள் நிகாஹுக்குச் சேலை எடுக்கும் பொருட்டு ஓரிக்கையில் ஒரு நெசவாளரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அறுபது வயதைக் கடந்த அவர் குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். கரையில் ஓடிய கொடியில் ஓர் இதழ் மட்டும் சற்றுக் கோணலாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றவே, அதுபற்றிக் கேட்டோம். அவர் நிமிர்ந்து, தறியின் மேலே தொங்கிய அட்டைக் கோவையைச் சுட்டிக்காட்டினார். “அட்டை என்ன சொல்லுதோ அதத்தான் பாய் நெய்யறேன். எங்க அப்பா காலத்துல அடையில ஒரு முடிச்ச அவுத்துக் கட்டினாப் போதும், பூ மாறிடும். இப்ப மாத்தணும்னா அட்டை அடிக்கிற எடத்துக்குத்தான் போகணும்” என்றார். அருகில் கணினி அறிவியல் பயிலும் அவருடைய பேத்தி அமர்ந்திருந்தார். உங்கள் பாடத்திற்கும் தாத்தாவின் அட்டைக்கும் உறவு உண்டா என்று அவரிடம் வினவினோம். “அது வேறங்க, இது வேறங்க” என்று சிரித்தார்.

அது வேறா, இது வேறா? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் நாம் பக்தாதுக்கும் யஸ்துக்கும் பனாரஸுக்கும் லியோனுக்கும் சென்று மீண்டும் ஓரிக்கைக்கே திரும்புவோம். இப்பயணத்தில் நாம் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: கருவிக்குள் எழுதப்பட்டிருப்பதைக் கருவியைக் கையாள்பவரால் படிக்க முடிகிறதா? படித்ததைத் திருத்த முடிகிறதா?

தறியின் நினைவாற்றல்

நெசவையும் எழுத்தையும் தமிழ் பிரித்துப் பார்த்ததில்லை. ‘நூல்’ என்பது இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். நூல் நூற்றலையும் நூல் இயற்றலையும் ஒப்பிட்டுப் பவணந்தி முனிவர் நன்னூலில் விளக்கியிருப்பதைக் கற்றோர் அறிவர். அரபு மொழியிலும் இத்தகைய உறவு உண்டு. ‘ஸர்த்’ என்ற சொல் கவசத்தின் வளையங்களை ஒன்றோடொன்று கோப்பதைக் குறிக்கும். கதையைத் தொடர்ந்து சொல்வதையும் குறிக்கும். தாவூத் (அலை) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட கவசக் கலையைத் திருக்குர்ஆன் குறிப்பிடும் இடத்தில் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. பாவு நூலுக்கு அரபியில் ‘ஸதா’ என்றும், ஊடை நூலுக்கு ‘லுஹ்மா’ என்றும் பெயர். லுஹ்மா என்பது இரத்த உறவையும் குறிக்கும்.

நெசவில் பூ எவ்வாறு தோன்றுகிறது? பாவு நூல்களுள் சில மேலே எழும். மற்றவை கீழே நிற்கும். இடையே ஊடை பாயும். ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்த நூல் எழ வேண்டும் என்பதை யாரேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு மாங்காய்க்கு நூற்றுக்கணக்கான ஊடைகள் தேவைப்படலாம். அவ்வளவையும் மனத்தில் தாங்குதல் அரிது. எனவே நெசவாளர்கள் அந்நினைவைத் தறியிடமே ஒப்படைத்தனர்.

காஞ்சியில் அந்நினைவின் பெயர் ‘அடை’. ஜக்கார்டு பெட்டிகள் பரவுவதற்கு முன் இங்கு வழக்கிலிருந்த முறை அது. ஓர் ஊடைக்கு எழ வேண்டிய நூல்களையெல்லாம் ஒரு பருத்திக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவர். அடுத்த ஊடைக்கு அடுத்த கயிறு. இவ்வாறு கட்டிய கயிறுகள் வரிசையாகத் தொங்கும். உதவியாள் ஒருவர் அவற்றை முறைப்படி ஒவ்வொன்றாக இழுக்க, நெசவாளர் சரிகையைச் செலுத்துவார். கயிறுகளின் வரிசை முடிந்தால் ஒரு பூ முடியும். மீண்டும் தொடங்கினால் அதே பூ மீண்டும் மலரும்.

இன்றைய சொல்லால் இதனை ‘நிரல்’ எனலாம். செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒரு பொருளில் பதித்து வைப்பதே நிரல். அடை என்பது கயிற்றில் எழுதிய நிரல். அதன் சிறப்பு யாதெனில், அது தறியில் அமர்ந்தவரின் கண்ணெதிரே இருந்தது, கைக்கு எட்டியது. பிழை கண்ட இடத்தில் முடிச்சை அவிழ்த்து, அடுத்த ஊடையிலேயே விளைவைக் காண முடிந்தது.

பக்தாதின் குழலும் ஜஸரியின் நூலும்

செயலைப் பொருளில் பதித்து வைக்கும் இக்கருத்து நெசவுக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் (முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன்) ‘கிதாபுல் ஹியல்’ என்ற பொறிநுட்ப நூலால் புகழ்பெற்றவர்கள். அந்நூலன்றித் தானே இசைக்கும் கருவி ஒன்றைப் பற்றியும் அவர்கள் பெயரில் ஒரு சிற்றேடு உண்டு. நீரின் விசையால் ஓர் உருளை சுழலும். அதன் மேல் பொருத்திய பற்கள் நெம்புகோல்களைத் தள்ளிக் குழலின் துளைகளைத் திறந்து மூடும். பற்களின் இடத்தை மாற்றினால் பண் மாறும். மனித வரலாற்றில் நிரலால் இயங்கிய தொடக்கக்காலப் பொறிகளுள் ஒன்றாக இதனை ஆய்வாளர்கள் மதிக்கின்றனர்.

நம் கவனத்திற்குரியது வேறொரு செய்தி. பற்களை எங்கே பதிப்பது என்பதை அறிய அச்சகோதரர்கள் வகுத்த வழி வியப்புக்குரியது. குழலிசைக் கலைஞர் ஒருவரை வாசிக்கச் செய்து, அவருடைய விரல் அசைவுகள் மெழுகு பூசிய உருளையில் கோடுகளாகப் பதியும்படி அமைத்து, அக்கோடுகளைப் பின்பற்றிப் பற்களை நிறுத்தினர். மனித விரல் ஆசானாக இருந்தது. பொறி மாணவனாக அமர்ந்து கற்றது.

இப்போக்கின் முதிர்ச்சியை அல்ஜஸரியிடம் காண்கிறோம். ஆமித் நகரின் (இன்றைய தியார்பக்கிர்) அர்துகி அரசவையில் பணியாற்றிய அவர், 1206ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த நூலின் தலைப்பிலேயே இல்மையும் பயனுள்ள அமலையும், அதாவது அறிவையும் செயலையும், ஒன்றுசேர்ப்பதாகக் கூறுகிறார். கடிகாரங்கள், நீரேற்றும் பொறிகள், இசைக்கலைஞர் பொம்மைகள் அமர்ந்த படகு என ஐம்பது கருவிகளை அவர் விவரிக்கிறார். பிறர் செய்து பார்க்கத்தக்க வகையில் படங்களுடன் உறுப்பு உறுப்பாக விளக்கியிருப்பது அந்நூலின் தனிச்சிறப்பு. கருவியின் உள்ளமைப்பை மறைத்து வைத்து வியப்பை மட்டும் விற்கலாம்; திறந்து காட்டி அறிவையும் வழங்கலாம். ஜஸரி இரண்டாவதைத் தேர்ந்தார்.

நக்ஷ் கட்டியவர்கள்

‘நக்ஷ்பந்தி’ என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவில் எழுவது, புகாராவின் ஞானி பஹாவுத்தீன் நக்ஷ்பந்த் (ரஹ்) (1318–1389) அவர்களின் பெயரால் வழங்கும் தரீக்காவே. இறைவனின் திருநாமத்தை இதயத்தில் பதித்தல் என்று அப்பெயருக்கு ஆன்மிகப் பொருள் கூறுவர். ஆயினும் பாரசீகத்தில் நக்ஷ்பந்த் என்பது ஒரு தொழிற்பெயருமாகும். நக்ஷ் என்பது சித்திரம். பந்த் என்பது கட்டுதல். துணியில் வரவேண்டிய சித்திரத்தை நூலால் கட்டித் தருபவரே நக்ஷ்பந்த்.

அத்தொழிலின் புகழ்பெற்ற பெயர், ஸஃபவி மன்னர் ஷாஹ் அப்பாஸ் காலத்தில் யஸ்து நகரில் விளங்கிய கியாஸுத்தீன் அலீ நக்ஷ்பந்த். அவர் கவிஞருமாவார். அவருடைய பெயர் நெய்யப்பட்ட பட்டுத் துணிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. நூலாசிரியன் ஏட்டில் பெயர் பொறிப்பதுபோல், சித்திரம் கட்டியவர் தம் பெயரைத் துணியில் பொறித்தார்.

பனாரஸின் நெசவிலும் இக்கலை வேரூன்றியது. அங்கே மோமின் அன்சாரி சமுதாயத்தினர் பெரும்பான்மையாக ஈடுபட்டிருந்த ஜரிகைப் பட்டுத் தொழிலில் நக்ஷாபந்த்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. தாளில் வரைந்த சித்திரத்தைப் பார்த்து, ஒரு சிறு சட்டகத்தில் கட்டிய நூல்களுக்கிடையே குறுக்கு நூல்களை மேலும் கீழுமாகக் கோத்து ‘நக்ஷா’ செய்வர். பின்னர் அதனைத் தறியின் மேலுள்ள ‘ஜாலா’ என்னும் கயிற்று வலைக்கு மாற்றுவர். ஒரு மூல நக்ஷாவிலிருந்து பல தறிகளுக்குப் படி எடுக்கலாம். சுவடியிலிருந்து படியெடுக்கும் காதிபின் பணியை ஒத்தது இது. 20ஆம் நூற்றாண்டில் ‘கல்லூ ஹாஃபிஸ்’ என அறியப்பட்ட அலி ஹசன் இக்கலையின் பேராசானாகப் போற்றப்பட்டார்.

காஞ்சியின் அடையும் பனாரஸின் நக்ஷாவும் உடன்பிறப்புகள் போன்றவை. ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமாகப் போற்றிப் பாடுவது நேர்மையாகாது. கயிறு இழுப்பதற்கு ஒரு துணைக்கை தேவைப்பட்டது. அது பெரும்பாலும் சிறுவனின் கையாக இருந்தது. அவன் பள்ளி செல்லவில்லை. பாவு தோய்ப்பதும் நூல் சுற்றுவதுமாக வீட்டுப் பெண்கள் செய்த உழைப்பு கூலிக் கணக்கில் ஏறவில்லை. அடை கட்டும் அறிவும் சில குடும்பங்களுக்குள் அடங்கியிருந்தது. கருவியில் எழுதியதைப் படிக்கும் உரிமை தறியில் இருந்தவருக்கு இருந்தது உண்மை. அவ்வுரிமையின் விலையை வேறொருவர் செலுத்தினார் என்பதும் உண்மை.

லியோன் நகரின் அட்டைகள்

பிரான்ஸின் பட்டு நகரமான லியோனிலும் இதே சிக்கல் இருந்தது. 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட தாள் சுருளாலும், 1728இல் ஃபால்கோன் துளையிட்ட அட்டைகளாலும் பாவு நூல்களைத் தெரிவு செய்ய முயன்றனர். வோகான்சோன் அம்முயற்சியை மேலும் வளர்த்தார். இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து 1804இல் நடைமுறைக்கு ஏற்ற பொறியாக ஆக்கியவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும்; அதனோடு இணைந்த கொக்கி எழும்; நூல் மேலேறும். துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். நூல் கீழே நிற்கும். கயிறு இழுக்கும் சிறுவன் தேவையற்றவனானான். இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

1839இல் ஜக்கார்டின் உருவமே பட்டில் நெய்யப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வாங்கித் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கு ஆணையிடும் வழியாக அவர் ஏற்றுக்கொண்டது ஜக்கார்டின் அட்டைகளையே. அப்பொறியைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், அதனை விளக்குவதற்கு நெசவுத் தறியையே உவமையாகக் கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்கு ஹெர்மன் ஹோலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். அவ்வழியே வந்த அட்டைகள் 20ஆம் நூற்றாண்டின் கணினிக் கூடங்களை நிறைத்தன. ஆகவே ஓரிக்கை மாணவியின் பாடத்திற்கும் அவர் தாத்தாவின் அட்டைக்கும் இடையே உள்ளது வெறும் ஒப்புமையன்று. நேரடியான பரம்பரை உறவு.

காஞ்சியில் 20ஆம் நூற்றாண்டில் அடையின் இடத்தை ஜக்கார்டு பெட்டி எடுத்துக்கொண்டது. வேகம் கூடியது; நுண்ணிய சித்திரங்கள் எளிதாயின. உடலையும் கரையையும் மூன்று நாடாக்களால் இணைக்கும் கோர்வைத் தறியில் மட்டும் துணைக்கையின் தேவை நீடித்தது. அக்கையும் பல வீடுகளில் சிறுவர்களுடையதாக இருந்தமை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் நாடறிந்த துயரமாயிற்று.

பொறி கூலியைத் தானாக உயர்த்திவிடாது என்பதையும் லியோனே காட்டியது. துணிக்குரிய விலை வேண்டி அந்நகரின் நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர். ஆனால் நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது கூலியினும் நுட்பமான மற்றோர் இழப்பு. அட்டையை வரைபவர் ஒருவர், துளையிடுபவர் மற்றொருவர், நெய்பவர் மூன்றாமவர். இன்று சித்திரம் கணினியில் உருவாகிறது. மின்னணு ஜக்கார்டில் அட்டையும் மறைந்து, கண்ணுக்குப் புலனாகாத கோப்பாகிவிட்டது. அடை தறியில் இருந்தவரின் கைக்கு எட்டியது. அட்டையைப் பார்க்கவாவது முடிந்தது. கோப்பையோ பார்க்கவும் இயலாது. நிரல் நுட்பமடைய நுட்பமடைய, அதனை நெய்பவர் அதிலிருந்து தொலைவாகிக்கொண்டே வந்துள்ளார். ‘அட்டை என்ன சொல்லுதோ’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது. சொன்னவண்ணம் செய்வது கருவியின் இயல்பு. இங்கோ கருவி சொல்கிறது. மனிதர் சொன்னவண்ணம் செய்கிறார்.

ஆமையும் வரைவேடும்

இத்தலைகீழ் நிலையை உணர்ந்தவர்கள் கணினி உலகிலும் தோன்றினர். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் ‘லோகோ’ என்ற நிரல்மொழியைச் சிறுவர்களுக்கென்று உருவாக்கினர். பின்னர் அதில் ஓர் ‘ஆமை’ இடம்பெற்றது. முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று சிறுவன் ஆணையிட, ஆமை நகர்ந்து கோடு வரையும். சதுரம் வர வேண்டிய இடத்தில் வேறு உருவம் வந்தால், அவன் தானே ஆமையாகி நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுகொள்வான். கணினி சிறுவனை இயக்குவதா, சிறுவன் கணினியை இயக்குவதா என்ற வினாவை பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட தம் நூலில் எழுப்பினார். இத்தகைய கருவியின் வாசற்படி தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு. புதியவர் எளிதில் நுழையலாம். தேர்ந்தவர் தலை இடிக்காமல் நிமிரலாம். அவருடைய வழிவந்த மிட்செல் ரெஸ்னிக், பலர் பல திசைகளில் செல்லும்படி சுவர்களும் அகன்றிருக்க வேண்டும் என்று சேர்த்துரைத்தார். அவர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ அக்கருத்தின் விளைவே.

2001இல் கேசி ரியாஸ், பென் ஃப்ரை ஆகிய இருவர் ஓவியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் ஏற்ற ‘ப்ராசெஸிங்’ என்ற கருவியைத் தொடங்கினர். அதில் எழுதும் நிரலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்கெட்ச்’, அதாவது கைவரைவு. ஓவியன் வரைவேட்டில் கிறுக்கிப் பார்ப்பதுபோல் எழுதி, உடனே விளைவைக் கண்டு, அழித்து, மீண்டும் எழுதலாம். அதன் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம். அதன் வழியிலேயே 2013இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கிய ‘பி5’, புதியவர்களையும் ஒதுக்கப்பட்டோரையும் வரவேற்பதையே தன் வடிவமைப்பின் முதல் நோக்கமாகக் கொண்டது.

இவற்றின் பொதுப் பண்புகளை எண்ணிப் பார்ப்போம். விளைவு உடனே தெரிய வேண்டும். பிழை தண்டனையாகாமல் பாடமாக வேண்டும். செய்ததை மாற்றியமைக்க முடிய வேண்டும். உள்ளமைப்பு திறந்திருக்க வேண்டும். இந்நான்கனுள் முதல் மூன்றும் அடை கட்டிய தறியில் இயல்பாகவே இருந்தன. நான்காவது ஜஸரியின் நூலில் இருந்தது. புதியதெனக் கருதப்படும் இத்தத்துவம் பழைய கைவினையாளர் அறிந்து இழந்ததன் மீட்பு என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டிலும் இச்சிந்தனைக்கு ஒரு தொடக்கம் இருந்தது. இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த அறிக்கை, எந்த ஓர் ஆசிரியரின் பெயரும் இல்லாத நம் சொம்பை நல்ல வடிவமைப்பின் சான்றாகப் போற்றியது. பல தலைமுறைகளின் கைகளும் இடுப்பும் தலையும் அதற்கு வடிவம் தந்தன என்பதே அதன் உட்பொருள். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. 1956 முதல் நிறுவப்பட்டு வந்த நெசவாளர் சேவை மையங்களுள் ஒன்று காஞ்சியிலும் இயங்குகிறது.

நாவுக்கேற்ற எழுத்து

ஐந்தாவதாக ஒரு பண்பும் உண்டு. கருவி, அதனைக் கையாள்பவரின் மொழியில் பேச வேண்டும். இங்கே தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு ஒரு மரபுச் சொத்து இருக்கிறது.

அரபு எழுத்துகளில் தமிழின் ழகரம், றகரம், ஙகரம், ஞகரம் போன்ற ஒலிகளுக்கும், எகர ஒகர உயிர்களுக்கும் இடமில்லை. நம் முன்னோர் தமிழைச் சுருக்கி அவ்வெழுத்துக்குள் அடைக்கவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கி, எழுத்தை நாவுக்கேற்ப வளைத்தனர். அதுவே அர்வி எனப்படும் அரபுத் தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை வரை மார்க்கச் சட்டமும் மருத்துவமும் மாலைகளும் அவ்வெழுத்தில் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் (ரஹ்) (1816–1898) அம்மரபின் பெருந்தூண். ஓதத் தெரிந்த பெண்கள் அதன்வழி வீட்டிலிருந்தே கல்வி பெற்றனர். 20ஆம் நூற்றாண்டில் அர்வியின் வழக்கு சுருங்கிவிட்டது. ஆயினும் கருவியை மனிதருக்கேற்ப மாற்றிய அதன் கொள்கை மங்கிவிடவில்லை.

அக்கொள்கையை இன்று நிரல்மொழிகளில் காண்கிறோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழிலேயே நிரல் எழுத வழிசெய்தது. 2009இல் அதைப் பற்றிய ஆய்வுரை வெளிவந்தது. மூலநிரலும் பின்னர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் அச்சிடும் ஆணை ‘பதிப்பி’, முடிவுக்கு ‘முடி’. ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொற்களை இட்டதோடு அது நின்றுவிடவில்லை. ஆங்கில வழி நிரலில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். நிபந்தனை பின்னே வரும். எழிலிலோ முதலில் நிபந்தனை, அதன்பின் ‘ஆனால்’. ‘மழை வந்தால்’ என்று நிபந்தனையை ஈற்றில் சுமக்கும் தமிழ் வாக்கியத்தின் போக்கே அங்குள்ளது. மொழியின் சொற்களோடு அதன் நடையையும் அக்கருவி மதித்தது.

அரபியில் 2012இல் லெபனானைச் சேர்ந்த ரம்ஸி நாஸர் ‘கல்ப்’ என்ற நிரல்மொழியை உருவாக்கினார். கல்ப் என்றால் இதயம். ‘கல்ப்: லுகது பர்மஜா’ (கல்ப் ஒரு நிரல்மொழி) என்னும் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் கல்ப் என்றே வரும். அதன் வரிகளை அரபு எழுத்தணிக் கலையில் போல எழுத்துகளை நீட்டி அழகுற நிரப்பலாம். உலகின் நிரல் கருவிகள் வலமிருந்து இடம் செல்லும் எழுத்தை எவ்வளவு அலட்சியப்படுத்துகின்றன என்பதைச் சுட்டிக்காட்டும் கலைப்படைப்பாகவும் அது அமைந்தது.

முடிச்சை அவிழ்க்கும் உரிமை

இங்கே நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் பலவற்றுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் அரபுக் கல்லூரிக்குக் கணினிகள் வந்தன. மாணவர்களுக்கு அவற்றைக் கற்பிக்கும் பொறுப்பை நாமும் ஏற்றோம். ஆங்கில ஆணைகளைப் பலகையில் எழுதி, குறிப்பேட்டில் படியெடுக்கச் செய்து, மனனம் செய்வித்தோம். தேர்வில் அனைவரும் தேறினர். ஓராண்டு கழிந்தபின், சிறு பிழை ஒன்றைத் தாமே களையவல்லவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. ஆணையை அவர்கள் ஓதினார்களேயன்றி ஆளவில்லை.

இந்நோயை இப்னு கல்தூன் (1332–1406) முன்பே இனங்கண்டிருந்தார். கைத்தொழில் என்பது செயலும் சிந்தனையும் கலந்த ‘மலகா’, அதாவது பயின்று பயின்று ஊறிப்போன ஆற்றல் என்பது அவர் கொள்கை. கல்வியையும் அவர் கைத்தொழில்களுள் ஒன்றாகவே எண்ணினார். தம் காலத்து மொரோக்கோ மதரஸாக்களில் மாணவர்க்கு 16 ஆண்டுகளும் தூனிஸில் 5 ஆண்டுகளும் தங்கிப் பயில விதிக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டு, வாய் திறவாது மனனம் செய்வோர்க்கு நீண்ட காலமும் மலகாவைத் தருவதில்லை என்று வருந்தினார். விவாதித்தும் வினவியும் கற்பதே அவர் காட்டிய வழி. நம் மாணவர்களின் 16 ஆண்டுகளை நாம் ஓராண்டில் நிகழ்த்திக் காட்டினோம்.

இவ்வினா இன்று மேலும் கூர்மையடைந்துள்ளது. தமிழிலேயே சொன்னால் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. சேலைச் சித்திரத்தையும் அவை வரைகின்றன. வாசற்படி இவ்வளவு தாழ்வாக ஒருபோதும் இருந்ததில்லை, அது நற்பேறே. ஆனால் சொல்பவருக்கு, விளைந்ததைப் படிக்கவும் திருத்தவும் தெரியாதபோது, ஆணையிடுவதாக அவர் எண்ணிக்கொண்டே ஆணைக்கு உட்படுகிறார். ஓரிக்கைத் தறியில் நாம் கண்டது அனைவருடைய மேசைக்கும் வந்துவிடும்.

எனவே புதிய கருவியை வேண்டாம் என்று ஒதுக்குவதும், கண்மூடி ஏற்பதும் நம் வழியல்ல. அடைக்குத் திரும்பிச் செல்ல எந்த நெசவாளரும் விரும்பார். கயிறு இழுக்க ஒரு சிறுவனை மீண்டும் அமர்த்த நாமும் விரும்போம். வேண்டுவது இதுவே: தறியில் அமர்ந்தவர் தம் சித்திரத்தைத் தாமே திறந்து, ஓர் இதழை நேராக்கி, அடுத்த ஊடையில் அதனைக் காணும் வகையில் அமைந்த கருவி. அவருடைய பேத்தி கற்கும் கல்விக்கு அதனைச் செய்து தரும் வலிமை உண்டு. லோகோவும் ப்ராசெஸிங்கும் எழிலும் காட்டிய நெறி அதற்குப் போதும். இல்லாதது, தம் பாடமும் தாத்தாவின் தொழிலும் ஒரே மரத்தின் கிளைகள் என்ற நினைவு மட்டுமே.

அன்று விடைபெறும்போது அம்மாணவியிடம் அடையைப் பற்றியும் அட்டை கணினிக்குச் சென்ற கதையையும் சுருக்கமாகச் சொன்னோம். அவர் சிறிது நேரம் அட்டைக் கோவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாத்தாவிடம், “அந்தக் கோணல் இதழ் எந்த அட்டையில இருக்கு, காட்டுங்க” என்றார். தறியை நிறுத்திவிட்டு, அவர் ஒவ்வோர் அட்டையாக எண்ணத் தொடங்கினார்.